காவல் தையல்

பிப்ரவரி 3

மதிப்பிற்குரிய நாத்தனார் அவர்களுக்கு,

‘மதிப்பிற்குரிய’ என்று போட்டிருக்கிறேனே, அண்ணிக்கு என்ன ஆயிற்று என்று யோசிக்காதே. எனக்குக் கோபம் வந்தால் மரியாதையும் கூடவே வந்துவிடும், உனக்குத் தெரிந்ததுதான். போனில் பேசினால் நான் கத்துகிறேன், நீ பட்டென்று வைத்துவிடுகிறாய். வாட்ஸப்பில் எழுதினால் உன் அண்ணன் என் தோளுக்கு மேலே எட்டிப் பார்க்கிறார். அதனால்தான் காகிதம். வாயால் சொன்னது எதுவும் செல்லாது, தேதி போட்டு எழுதியதுதான் செல்லும் என்று அந்த பேமென்ட் கம்பெனிக்காரர்கள் உனக்குப் பாடம் எடுத்தார்கள் அல்லவா, நானும் அதையே பின்பற்றுகிறேன்.

விஷயத்துக்கு வருகிறேன். நான் இங்கே பின்னறையில் உட்கார்ந்து கோட்டும் கவுனும் தைக்கிறேன். நீ அங்கே நகரத்தில் இருந்துகொண்டு படம் போட்டு விற்கிறாய். கடைக் கணக்கு உன் பேரில். வாங்குகிறவர்களிடம் பேசுவது நீ, புகார் வந்தால் கம்பெனிக்குப் பதில் எழுதுவதும் நீ. இதெல்லாம் உன்னை நம்பித்தான் விட்டேன்.

இந்தக் குளிர்காலத்தில் இரண்டு புகாரில் தோற்றிருக்கிறோம். சாம்பல் நிற கவுன் காலரில் உதட்டுச் சாயத்தோடு திரும்பி வந்தது. உடுத்தவே இல்லை, அளவு சரியில்லை என்று அந்தப் புண்ணியவதி எழுதினாள், கம்பெனியும் தலையை ஆட்டிவிட்டுப் பணத்தைத் தூக்கி அவளிடம் கொடுத்தது. பழுப்பு ஜாக்கெட் அக்குளில் வியர்வைக் கறையோடு வந்தது. அதுவும் உடுத்தாததாம். ஒரு கல்யாணத்துக்குப் போட்டுக்கொண்டு போய்ப் படம் எடுத்துவிட்டு, மறுநாள் காசைத் திருப்பிக் கேட்கிற கூட்டம். இரவல் வாங்குகிறவர்கள்கூடத் துவைத்துக் கொடுப்பார்கள்.

இப்போது கருநீலக் கோட்டுக்கும் புகார் வந்திருக்கிறது என்று போனில் சொன்னாய். பணத்தை நிறுத்தி வைத்திருக்கிறார்கள், இதிலும் தோற்றால் கடைக் கணக்கையே மூடிவிடுவார்கள் என்றும் சொன்னாய். ஏதோ பஸ் வரத் தாமதமாகும் என்பது போலச் சொன்னாய். உன் அண்ணன் இடுப்பைப் பிடித்துக்கொண்டு கிடங்கு வேலையை விட்டு வந்து படுத்திருக்கிறார். இந்த வீட்டில் அடுப்பு எரிவது அந்தக் கணக்கால்தான். அது மூடினால் நான் யார் வாசலில் போய் நிற்பது?

அவள் என்ன எழுதியிருக்கிறாள் என்று ஒரு வார்த்தை விடாமல் எனக்கு எழுது. ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. ஒவ்வொரு தடவையும் வாங்கியவள் பக்கமே நியாயம் பேசுகிறாயே, நீ யாருக்கு வேலை பார்க்கிறாய்?

அண்ணி

—

பிப்ரவரி 9

அண்ணிக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. கோபித்துக்கொள்ளாதே என்று எழுதிவிட்டு அடுத்த வரியிலேயே கன்னத்தில் அறைவது உங்களுக்கு மட்டுமே வரும்.

அந்தப் பெண் எழுதியது இதுதான்: “படத்தில் கோட்டு கருநீலமாக இருந்தது. நேரில் பார்த்தால் கிட்டத்தட்டக் கறுப்பு. படத்தைப் பார்த்து நம்பித்தான் வாங்கினேன். என் நிலையைத் தயவுகூர்ந்து கருத்தில் கொள்ளவும்.” அவ்வளவுதான். மரியாதையாகத்தான் எழுதியிருக்கிறாள்.

கம்பெனி எப்படி என்று உங்களுக்குப் பல தடவை சொல்லிவிட்டேன். ‘வாங்குபவர் பாதுகாப்பு’ என்றுதான் அதற்குப் பேரே. தைப்பவர் பாதுகாப்பு என்று ஒன்றும் கிடையாது. சொன்ன மாதிரி பொருள் இல்லை என்று அவள் சொன்னால், இருக்கிறது என்று நாம்தான் நிரூபிக்க வேண்டும். நிறத்தை எப்படி நிரூபிப்பது? என் போனில் ஒரு நீலம், உங்கள் போனில் ஒரு நீலம். நாமாகவே ஒத்துக்கொண்டு பணத்தைக் கொடுத்துவிட்டால் அது தோல்வியில் சேராது என்றுதான் நினைக்கிறேன். கோட்டும் திரும்பி வந்துவிடும், வேறொருவருக்கு விற்கலாம். இவ்வளவு சின்ன விஷயத்துக்கு ஏன் மல்லுக்கட்ட வேண்டும்?

இதற்கெல்லாம் காரணம் உங்கள் சட்டம்தான். ‘விற்ற பொருள் திரும்ப வாங்கப்படாது’ என்று கடைப் பக்கத்தில் கொட்டை எழுத்தில் போடச் சொன்னது யார்? பிடிக்கவில்லை என்றால் நேராக நம்மிடம் திருப்பிக் கொடுக்க வழி இருந்தால் யாராவது கம்பெனியிடம் போவார்களா? கதவை நீங்கள் அடைத்தீர்கள். வந்தவர்கள் ஓட்டைப் பிரித்து இறங்குகிறார்கள்.

கேள்வி கேட்பது என்று ஆகிவிட்டதால் நானும் ஒன்று கேட்கிறேன். அந்தக் கோட்டுக்கு நாம் பேசிய துணியைத்தான் போட்டீர்களா? போன மாதம் உள்துணியை எனக்குச் சொல்லாமல் மாற்றினீர்கள், பட்டன் சப்ளை செய்கிறவர் சொல்லித்தான் எனக்கே தெரிந்தது. இன்னும் என்னவெல்லாம் எனக்குத் தெரியாமல் நடக்கிறது?

இனி கடிதத்தை இதன் பின்பக்கம் எழுதியிருக்கும் முகவரிக்கு அனுப்புங்கள். ஒரு சலவைக்கடை. வீட்டில் தபால் அடிக்கடி தொலைந்துபோகிறது. வீட்டு நம்பருக்கும் போன் செய்ய வேண்டாம்.

உங்கள் நாத்தனார்

—

பிப்ரவரி 15

அம்மணிக்கு,

உள்துணியை மாற்றினேன். பழையது கிழங்குச் சாக்கு மாதிரி இருந்தது, நல்லதாக மாற்றினேன். கோட்டுத் துணி பேசியதுதான், அதே கட்டிலிருந்து மிச்சம் ஒரு முழம் என் கையில் இருக்கிறது. வேண்டுமானால் வெட்டி அனுப்புகிறேன், உன் மரியாதைக்காரப் பெண்ணிடம் காட்டு.

ஒத்துக்கொள்ள மாட்டேன். எனக்குக் கோட்டு திரும்பி வர வேண்டும், அதுவும் என் கைக்கே வர வேண்டும். ஏன் என்று உனக்குத் தெரியும். என் காவல் தையலை மறந்துவிட்டாயா? கோட்டுப் பாக்கெட்டின் வாயை நான் மெல்லிய நூலால் தைத்து மூடித்தான் அனுப்புகிறேன். பார்க்கிறவர்களுக்குப் பாக்கெட் கலையாமல் இருக்கத் தைத்தது போலிருக்கும். குளிரில் கோட்டைப் போட்டுக்கொண்டு வெளியே போகிறவள் கையைப் பாக்கெட்டில் விடாமல் இருக்க மாட்டாள். விட்டால் நூல் அறும். நூல் அறுந்திருந்தால் போட்டவள் என்று அர்த்தம். கவுனில் இதைச் செய்ய முடியாமல்தான் ஏமாந்தோம். இந்தக் குட்டு உலகத்தில் நம் இரண்டு பேருக்குத்தான் தெரியும், உன் அண்ணனுக்குக்கூடச் சொன்னதில்லை. நூல் அறுந்து வரட்டும், போட்டோவோடு அவள் முகத்திரையைக் கிழிக்கிறேன்.

அடுத்து, உன் புது முகவரி. எந்த வீட்டில் தபால் தொலையும்? உன் அண்ணன் மனசு கேட்காமல் நேற்று உன் வீட்டுக்குப் போன் செய்தார். ஸ்பீக்கரில் போட்டதால் நானும் கேட்டேன்.

“மாப்ள, தங்கச்சி இருக்காளா?”

“இல்ல.”

“எங்க போயிருக்கா?”

“அத அவகிட்டயே கேளுங்க.”

அதோடு உன் புருஷன் போனை வைத்துவிட்டார். புருஷனும் பெண்டாட்டியும் சேர்ந்து என்ன திட்டம் போடுகிறீர்கள் என்று எனக்குப் புரியவில்லை. தனியாகக் கடை போடப் போகிறீர்களா? கணக்கு உன் பேரில் இருக்கிறது, வாங்குகிறவர்கள் உனக்குத்தான் பழக்கம், என்னிடம் இருப்பது ஒரு தையல் மிஷின்தான். இந்தக் கோட்டை வாங்கியவளும் உன் ஊர்க்காரி. வீட்டு முகவரி கொடுக்காமல் கூரியர் ஆபீஸிலேயே வந்து வாங்கிக்கொண்டு போயிருக்கிறாள். இதெல்லாம் தற்செயல் என்று என் தலையில் மிளகாய் அரைக்காதே.

கணக்கின் பாஸ்வேர்டை எனக்கு எழுதி அனுப்பு. இனி அவள் எழுதுவதையும் நீ எழுதுவதையும் நானே படித்துக்கொள்கிறேன்.

நீ மனசில் வைத்திருப்பது அந்த மெரூன் கோட்டுதான் என்றும் எனக்குத் தெரியும். விற்க வைத்திருந்ததை எடுத்து உன் வீட்டுக் கல்யாணத்துக்குப் போட்டுக்கொண்டு போனாய். நான் எல்லோர் எதிரிலும், “கேக்காம எடுத்தா அதுக்குப் பேரு திருட்டு”ன்னு சொன்னேன். சொன்னது கொஞ்சம் அதிகம்தான். ஆனால் பொய் இல்லை.

அண்ணி

—

பிப்ரவரி 20

அண்ணிக்கு,

பாஸ்வேர்ட் தனித் தாளில் இருக்கிறது. படித்துவிட்டுக் கிழித்துவிடுங்கள். கிழிக்க மாட்டீர்கள், தெரியும்.

தனிக்கடை போடவில்லை. அவர் வேலை விஷயமாக வெளியூர் போய் வந்துகொண்டிருக்கிறார், அதனால் எரிச்சலில் இருக்கிறார். அண்ணனிடம் போன் செய்ய வேண்டாம் என்று சொல்லுங்கள்.

கோட்டைத் திருப்பி அனுப்பச் சொல்லிக் கம்பெனி உத்தரவு போட்டுவிட்டது. பார்சலில் இருந்த அனுப்புநர் முகவரிக்கே, அதாவது உங்களுக்கே வரும். நூல் அறுந்திருக்காது. பார்த்துவிட்டுச் சமாதானமாகி விட்டுவிடுங்கள். உங்கள் பதிலாக நான் கம்பெனிக்கு எழுதியதைக் கணக்கில் படித்துக்கொள்ளலாம்.

மெரூன் கோட்டைப் பற்றி ஒன்றுமட்டும். அன்றைக்கு வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்த விருந்தாளிகள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். அதற்குப் பிறகு கடையிலிருந்து ஒரு பட்டன்கூட நான் கேட்காமல் எடுத்ததில்லை. கேட்டும் எடுத்ததில்லை.

நாத்தனார்

—

மார்ச் 2

குட்டிக்கு,

இந்தப் பேரைச் சொல்லி உன்னைக் கூப்பிட்டு எவ்வளவு நாளாயிற்று. கோபம் போய்விட்டது என்று நினைத்துக்கொள்ளாதே. வேறு எந்தப் பேரும் எழுத வரவில்லை.

கோட்டு வந்தது. உன் அண்ணனைப் போனில் வீடியோ எடுக்கச் சொல்லிவிட்டுப் பெட்டியைப் பிரித்தேன். கிடங்கில் வேலை பார்த்தவர் அல்லவா, பெட்டியின் நாலு பக்கத்தையும் திருப்பித் திருப்பிக் காட்டினார். பழைய லேபிள், புது லேபிள், டேப் எல்லாம் இருந்தபடி இருந்தன. கோட்டு அழகாக மடித்து, நடுவில் காகிதம் வைத்து வந்திருந்தது. வாங்கியவள் யாரும் இவ்வளவு ஒழுங்காக மடித்து நான் பார்த்ததில்லை. அப்போதே எனக்கு ஏதோ உறுத்தியது.

பாக்கெட்டைப் பார்த்தேன். நூல் அறவில்லை. நீ எழுதியது போலவே.

நான்தான் தப்பாகச் சந்தேகப்பட்டுவிட்டேன் என்று ஒரு நிமிஷம் எனக்கே என்மேல் வெட்கமாகப் போய்விட்டது. அப்புறம் கோட்டை ஜன்னல் பக்கம் கொண்டுபோனேன். வலது பாக்கெட்டில் என் தையல், வலப்பக்கமாகச் சாய்ந்து போயிருந்தது. இடது பாக்கெட்டில் நூல் அதே நூல், நெருக்கமும் அதே நெருக்கம், ஆனால் சாய்வு மட்டும் எதிர்ப்பக்கம். வலதுகைக்காரியின் ஊசி அப்படிப் போகாது.

ஆக, இதைப் போட்டவள் இடது கையை இடது பாக்கெட்டில் விட்டிருக்கிறாள், நூல் அறுந்திருக்கிறது, அவளே திரும்பத் தைத்திருக்கிறாள். அறுந்த நூலைத் திரும்பத் தைக்க வேண்டும் என்று வாங்கியவளுக்கு எப்படித் தெரியும்? அது காவல் தையல் என்று யார் அவளுக்குச் சொன்னது? அந்த நூலும் என் கட்டு நூல்தான். போன வருஷம் பட்டன் தைத்துக் காட்ட ஒரு உருண்டை உனக்குக் கொடுத்தனுப்பினேன்.

உன் அண்ணன் கேட்டார்.

“என்ன, அப்படியே நிக்கிற? நூல் சரியா இருக்கில்ல?”

“இருக்கு. என் தையல்தான்.”

பொய் சொன்னேன். ஏன் சொன்னேன் என்று இன்னும் தெரியவில்லை.

அப்புறம் கணக்கைத் திறந்து உட்கார்ந்தேன். புகார் எழுதியவளின் கடிதம் ஒரு பக்கம், நம் பதில் ஒரு பக்கம். அவள், “என் நிலையைத் தயவுகூர்ந்து கருத்தில் கொள்ளவும்” என்கிறாள். நம் பதிலின் கடைசியில், “எங்கள் நிலையைத் தயவுகூர்ந்து கருத்தில் கொள்ளவும்.” பள்ளிக்கூடத்தில் லீவு லெட்டர் எழுதின காலத்திலிருந்து நீ விடாத வரி அது. வாதியும் நீயே, பிரதிவாதியும் நீயே. அதிலும் பிரதிவாதியாக எழுதியதில் உயிரே இல்லை, தோற்பதற்கென்றே எழுதின மாதிரி இருக்கிறது. பீச்சாங்கைக்காரி நீ, அந்தக் கையை வைத்துக்கொண்டு என் கண்ணிலேயே மண்ணைத் தூவப் பார்த்தாயே.

இன்னொன்றையும் படித்தேன். நாமாக ஒத்துக்கொண்டு பணம் கொடுத்தாலும் அது தோல்விக் கணக்கில்தான் சேரும். விதிமுறையில் தெளிவாகப் போட்டிருக்கிறார்கள். சேராது என்று எனக்கு எழுதினாயே, தெரியாமல் எழுதினாயா, தெரிந்தே எழுதினாயா?

ஆதாரம் கொடுக்க மார்ச் பன்னிரண்டு வரை நேரம் இருக்கிறது. இரண்டு பாக்கெட்டையும் பக்கத்தில் வைத்துப் போட்டோ எடுத்துவிட்டேன். அனுப்பினால் நாம் ஜெயிப்போம். எதற்காக இதைச் செய்தாய் என்று தெரிந்துகொள்ளாமல் அனுப்ப மனசு வரவில்லை. அந்தக் கவுனும் ஜாக்கெட்டும்கூட உன் வேலைதானா?

அண்ணி

—

மார்ச் 5

அண்ணி,

கவுனும் ஜாக்கெட்டும் நான் இல்லை. நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம். நிரூபிக்க என்னிடம் ஒன்றும் இல்லை.

கோட்டு நான்தான்.

நான் அந்த வீட்டை விட்டு வந்து இரண்டு மாதமாகிறது. அங்கே வந்த உங்கள் முதல் கடிதத்தைப் பக்கத்து வீட்டுக்காரிதான் வாங்கிவந்து கொடுத்தாள். சலவைக்கடைக்கு மேலே ஒரு அறை. கீழே நாள் முழுக்க மிஷின் ஓடுவதால் தரை சூடாக இருக்கும், குளிருக்கு அது ஒன்றுதான் வசதி. என் பங்குப் பணம் போய்ச் சேரும் வங்கி அட்டை எப்போதும் அவர் சட்டைப்பையில்தான் இருந்தது. பஸ்ஸுக்குக் கொடுத்த காசுக்கும் டிக்கெட்டைக் காட்டச் சொல்வார். ஒருநாள் துவைக்கப் போட்ட அவர் பேண்ட்டில் கிடந்த சில்லறையை எடுத்துப் பால் வாங்கிவிட்டேன். பக்கத்து வீட்டுக்குக் கேட்கும்படி, “திருடி”ன்னார். அதே வார்த்தை, அண்ணி. பிறந்த வீட்டிலும் வாங்கிக்கொண்டேன், புகுந்த வீட்டிலும் வாங்கிக்கொண்டேன். மூன்றாவதாக ஒரு இடம் பார்த்துக்கொள்வதுதான் சரி என்று தோன்றியது.

ஒரு கண் ஆஸ்பத்திரியில் வரவேற்பு மேஜைக்கு ஆள் கேட்டார்கள். என்னிடம் இருந்தது முழங்கை தேய்ந்த ஸ்வெட்டர். நம் கடைப் பக்கத்தில் அந்தக் கருநீலக் கோட்டு கண்ணெதிரே இருந்தது. கேட்டால் கொடுத்திருப்பீர்கள், கொடுக்கும்போது ஏதாவது சொல்லியிருப்பீர்கள். கேட்காமல் எடுத்தால் திருட்டு. அதனால் கையிலிருந்த கடைசிக் காசைக் கொடுத்து வாங்கினேன், எல்லோரையும் போல. சலவைக்கடை அக்காவின் போனில், அவள் பேரில். வாங்கினதைத் திருட்டு என்று யாரும் சொல்ல முடியாதே.

நேர்காணலில் கை நடுங்கியது. எதிரே உட்கார்ந்திருந்த டாக்டரம்மா பார்த்துவிடக் கூடாது என்று பாக்கெட்டில் கையை விட்டேன். நூல் அறுந்த சத்தம் எனக்கு மட்டும் கேட்டது. அந்த நேரத்தில்கூட, ஐயோ அண்ணியின் காவல் தையல் என்றுதான் நினைத்தேன்.

வேலை கிடைத்தது. முதல் சம்பளம் மார்ச் கடைசியில்தான். அறைக்கு அட்வான்ஸ் கொடுக்க வேண்டியிருந்தது. கடைக்குத் திருப்பிக் கொடுக்கலாம் என்றால் ‘விற்ற பொருள் திரும்ப வாங்கப்படாது’. அந்த வரியைத் தட்டச்சு செய்தவளே நான்தான். புகாரைத் தவிர வேறு வழி தெரியவில்லை. கடைக் கணக்கில் பணம் இருந்தது, பாஸ்வேர்ட் என் கையில் இருந்தது, நினைத்திருந்தால் எடுத்திருக்கலாம். எடுக்கவில்லை. இதை மட்டும் நீங்கள் நம்பினால் போதும்.

ஒத்துக்கொண்டால் தோல்வியில் சேராது என்று சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன். உங்கள் கடிதத்தைப் பார்த்த பிறகு விதிமுறையைப் படித்தேன். உடனே கீழே கடைக்கு ஓடினேன். புகாரைத் திரும்பப் பெறலாம் என்றால் சலவைக்கடை அக்கா போனோடு ஊருக்குப் போயிருக்கிறாள், என்று வருவாள் என்று கடைப் பையனுக்கும் தெரியவில்லை. அவளுக்காகக் காத்திருக்காதீர்கள், போட்டோவை அனுப்பிவிடுங்கள். கடைதான் முக்கியம். அண்ணனுக்கு மாத்திரை வாங்குவது அதில்தான்.

இந்தக் கடிதத்தையும் நீங்கள் ஆதாரமாக அனுப்பலாம். தேதி போட்டிருக்கிறேன்.

குட்டி

—

மார்ச் 11

குட்டி,

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். முதல் தடவை அழுதேன், இரண்டாம் தடவை உன்னை நன்றாகத் திட்டினேன். மூன்றாம் தடவை, வழக்கம் போல, எங்கேயாவது பொய் இருக்கிறதா என்று தேடினேன். என் புத்தி அப்படி. பாலுக்குச் சில்லறை எடுத்தவளைத் திருடி என்றானே, அவன் நாக்கு அழுகட்டும் என்று எழுதத்தான் வந்தேன். எழுத வந்த பேனா பாதியில் நின்றுவிட்டது. அந்த வார்த்தையை முதலில் உனக்குக் கொடுத்தவள் நான்.

அந்தக் கோட்டின் கை உனக்கு நீளம். மணிக்கட்டில் மடித்துவிட்டுக்கொண்ட தடம் தெரிந்தது. அதைப் பிரித்து உன் அளவுக்குக் குறைத்துக்கொண்டிருந்தேன். உன் அண்ணன் கதவோரம் வந்து நின்றார்.

“அது கேஸுல இருக்கிற கோட்டுதானே? அதப் போய் எதுக்குப் பிரிக்கிற?”

“கஸ்டமருக்கு கை நீளமாம்.”

“எந்த கஸ்டமர்?”

“உங்க தங்கச்சி.”

அதற்கு மேல் எனக்கு மறைக்கத் தெரியவில்லை, எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். இடுப்பு வலியை மறந்து அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். “மாப்ள ஏன் அப்படிப் பேசுனான்னு இப்பதான் புரியுது”ன்னார். கோட்டை நான் மடித்துக் கொடுக்க, அவரே பார்சல் கட்டி, தாங்கித் தாங்கி நடந்து போய்க் கூரியரில் போட்டுவிட்டு வந்தார். இதற்குள் உனக்கு வந்திருக்கும்.

அப்புறம் அந்தப் பொத்தான் வேலை. ‘பணத்தைத் திருப்பிக் கொடுக்கச் சம்மதம்’ என்று ஒரு பொத்தான் இருக்கிறது அல்லவா. அதை அழுத்தினால் பணம் உன் கைக்கு வரும், உனக்கு அறை நிற்கும், எனக்குக் கடை மூடும். அழுத்துவது என்று முடிவு செய்துவிட்டேன். ஆனால் சும்மா சொல்லக் கூடாது, இரண்டு நாள் கை வரவில்லை. போனை எடுப்பேன், மிஷினைப் பார்ப்பேன், வைத்துவிடுவேன். இன்று காலையில் மனசைக் கல்லாக்கிக்கொண்டு கணக்கைத் திறந்தால் பொத்தானைக் காணோம். ‘வாங்கியவர் புகாரைத் திரும்பப் பெற்றார், மார்ச் 10’ என்று இருக்கிறது. சலவைக்கடைக்காரி வந்துவிட்டாளா?

எனக்கு முன்னால் ஓடிப்போய் நீ நல்லவளாகிவிட்டாய். எனக்கு அது கொஞ்சமும் பிடிக்கவில்லை. நான் அழுத்தத்தான் போனேன் என்று இனி உன்னிடம் எப்படிச் சொல்வது? ஜெயித்த பிறகு யார் வேண்டுமானாலும் எதையும் பேசலாம். நீ நம்ப மாட்டாய். உன் இடத்தில் நான் இருந்தால் நிச்சயம் நம்ப மாட்டேன். இவ்வளவு நாள் ஆதாரம் ஆதாரம் என்று உன்னைப் பிடுங்கினேன். இதற்கு என்னிடம் ஒரு ஆதாரமும் இல்லை.

அறை அட்வான்ஸைக் கடைக் கணக்கிலிருந்து எடுத்துக் கொடு. உன் பங்குதான் அது. பங்கு இல்லாவிட்டாலும் எடு, என்னைக் கேட்காதே. அந்த ‘திரும்ப வாங்கப்படாது’ வரியையும் அழித்துவிடு. அண்ணன் உடம்பு கொஞ்சம் தேறியதும் உன்னைப் பார்க்க வருகிறார். நான் வரட்டுமா என்று கேட்க வாய் வரவில்லை. நீ சொன்னால் வருகிறேன்.

அண்ணி

—

மார்ச் 16

அண்ணி,

கோட்டு உங்கள் கடிதத்துக்கு முன்னாலேயே வந்துவிட்டது. கை அளவெடுத்தது போலப் பொருந்துகிறது. இரண்டு பாக்கெட்டிலும் நூல் இல்லை.

சலவைக்கடை அக்கா பத்தாம் தேதி காலையில்தான் ஊரிலிருந்து வந்தாள். பையைக் கீழே வைப்பதற்குள் போனை வாங்கிப் புகாரைத் திரும்பப் பெற்றேன். நீங்கள் போட்டோவை அனுப்பியிருப்பீர்கள் என்றுதான் நினைத்தேன். அதனால் நல்லவள் பட்டம் எனக்கு வேண்டாம், உங்களைச் சந்தேகப்பட்டுக்கொண்டேதான் அதைச் செய்தேன்.

ஆதாரம் இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். இவ்வளவு புகாருக்குப் பதில் எழுதிய எனக்குப் பார்சல் வந்தால் முதலில் எங்கே பார்க்க வேண்டும் என்று தெரியாதா? அண்ணன் கட்டின பெட்டியில் கூரியர் லேபிள் அப்படியே இருக்கிறது. அனுப்பிய தேதி மார்ச் 9. நான் புகாரைத் திரும்பப் பெறுவதற்கு முந்தின நாள். போட்டோ இருந்தாலும், கம்பெனி கேட்டால் காட்ட அந்தக் கோட்டைக் கையில் வைத்திருந்தால்தான் நீங்கள் கேஸை நடத்தியிருக்க முடியும். இரண்டு பாக்கெட்டின் தையலையும் பிரித்து, கையையும் குறைத்து, என்னிடமே அனுப்பிவிட்டீர்கள். ஜெயிக்க நினைக்கிறவள் ஆதாரத்தை எதிராளியின் அளவுக்குத் தைத்து அனுப்ப மாட்டாள்.

லேபிளைக் கிழிக்காமல் பிரித்து எடுத்து வைத்திருக்கிறேன். அந்த வரியை அழித்துவிட்டேன். கடைப் பக்கத்தைத் திறந்து பாருங்கள், என்னை நம்ப வேண்டாம்.

ஞாயிற்றுக்கிழமை எனக்கு ஆஸ்பத்திரியில் லீவு. அண்ணனோடு நீங்களும் வாருங்கள். பஸ் நிறுத்தத்தில் கருநீலக் கோட்டைப் போட்டுக்கொண்டு நிற்கிறேன்.

குட்டி